குடல் நுண்ணுயிரிகளைச் சரிசெய்தால் இதய மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. எட்டு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து, இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். குடலில் இருக்கும் கெட்ட பாக்டீரியாக்கள்தான் இதய நோய்க்கு உண்மையான காரணம் என்றும், குடலைச் சுத்தம் செய்தால் ரத்தக்குழாய் அடைப்பு தானாகவே கரையும் என்றும் சொல்லும் காணொளி ஒன்றை உறவினர் ஒருவர் அவருக்கு அனுப்பியிருந்தார். அதைப் பார்த்தபின், ஒரு மாதமாகக் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டுப் புரோபயாடிக் என்ற நல்ல பாக்டீரியா கேப்ஸ்யூல் சாப்பிடுகிறார். அந்த மாத்திரையால் கால் வலிக்கிறது என்பது அவர் சொல்லும் இன்னொரு காரணம். முட்டை, பால், மீன் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டார். காலையில் பழைய சோறும் ஊறுகாயும்தான். குடல் பாக்டீரியாக்களை அறிய ஒரு மலப் பரிசோதனை இருக்கிறதாம். பல ஆயிரம் ரூபாய் செலவாகும் என்கிறார்கள். அதைச் செய்யலாமா? ஆன்டிபயாடிக் கொடுத்துக் கெட்ட பாக்டீரியாக்களை ஒழிக்க முடியாதா? அந்தக் காணொளியில் சொல்வது எல்லாமே பொய்யா? – ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கான பதில் நீளமானது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், இன்றே செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தந்தைக்குச் சிகிச்சை அளித்த இதயநோய் மருத்துவரைத் தொடர்புகொண்டு, கொழுப்பு மாத்திரை ஒரு மாதமாக நிற்கிறது என்பதையும், கால் வலி இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லி, அதை மீண்டும் தொடங்க ஏற்பாடு செய்யுங்கள். ரத்தம் உறையாமல் இருப்பதற்காகக் கொடுக்கப்பட்ட ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகளையும் அவர் நிறுத்தியிருக்கிறாரா என்று அவருடைய மாத்திரைப் பெட்டியை நீங்களே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்த முதல் ஓராண்டுக்குள் அந்த மாத்திரைகள் மருத்துவருக்குத் தெரியாமல் நின்றுபோனால், ஸ்டென்ட்டின் உள்ளேயே ரத்தம் திடீரென உறைந்து, முதலில் வந்ததைவிடப் பெரிய மாரடைப்பு வரக்கூடும். எட்டு மாதங்கள்தான் ஆகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இதில் ஒரு நாள் தாமதமும் வேண்டாம்.

ஸ்டென்ட் வைத்த பிறகும் கொழுப்பு மாத்திரை எதற்கு என்ற ஐயம் உங்கள் தந்தைக்கு மட்டும் உரியதன்று. என்னிடம் வருகிற பலருக்கும் இருக்கிறது. ஸ்டென்ட், அது வைக்கப்பட்ட ஓரிரு அங்குல இடத்தை மட்டுமே திறந்து வைக்கிறது. இதயத்தின் மற்ற ரத்தக்குழாய்களிலும், மூளைக்கும் கால்களுக்கும் செல்லும் குழாய்களிலும் படிந்துள்ள கொழுப்புத் திட்டுகள் அப்படியேதான் இருக்கின்றன. அந்தத் திட்டுகளில் ஏதேனும் ஒன்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதே மாரடைப்பு. கொழுப்பு மாத்திரையாகப் பெரும்பாலும் கொடுக்கப்படும் ஸ்டாட்டின் வகை மாத்திரைகள் கெட்ட கொழுப்பைக் குறைப்பதோடு அந்தத் திட்டுகள் வெடிக்காமல் இறுகவும் உதவுகின்றன. ஏறத்தாழ 1,70,000 பேர் பங்கேற்ற 26 ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான பகுப்பாய்வின்படி, எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 39 மில்லிகிராம் குறையும்போதெல்லாம் மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெரிய பாதிப்புகள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே குறைகின்றன. குடல் நுண்ணுயிரிகளைக் குறிவைக்கும் எந்தக் கேப்ஸ்யூலுக்கும் இத்தகைய சான்று இதுவரை கிடையாது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டை உங்கள் தந்தை புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கால் வலியை அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. சிலருக்கு ஸ்டாட்டினால் தசை வலி வருவது உண்மைதான், தேவைப்பட்டால் சி.கே. என்ற ரத்தப் பரிசோதனை செய்து, அளவைக் குறைக்கவோ, வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றவோ, வேறு வகை மருந்தைச் சேர்க்கவோ வழி இருக்கிறது. ஆயினும் 2020-இல் இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வை அவரிடம் சொல்லுங்கள். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேரை அழைத்து, ஒரு மாதம் உண்மையான மாத்திரை, ஒரு மாதம் மருந்தே இல்லாத போலி மாத்திரை, ஒரு மாதம் எதுவுமில்லை என்று ஓராண்டு முழுவதும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எந்த மாதம் எந்த மாத்திரை என்பது அவர்களுக்குத் தெரியாது. உண்மையான மாத்திரையால் ஏற்பட்ட தொல்லைகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு போலி மாத்திரை சாப்பிட்ட மாதங்களிலும் இருந்தது. முடிவைக் கண்ட பிறகு அவர்களில் பாதிப்பேர் மாத்திரையை மீண்டும் தொடங்கினார்கள். அவர்கள் பட்ட வலி பொய்யன்று. அந்த வலிக்கு மாத்திரையில் இருந்த மருந்து காரணமாக இல்லாமல் இருக்கலாம் என்பதுதான் செய்தி. சர்க்கரை நோயாளிகளின் கால் வலிக்கு நரம்பு பாதிப்பும், காலுக்குச் செல்லும் ரத்தக்குழாயில் அடைப்பும் காரணமாகலாம். குறிப்பாக, நடந்தால் கெண்டைக்காலில் வலி எடுத்து, நின்றால் குறைகிறது என்றால் ரத்தக்குழாய் அடைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அப்படி இருப்பவருக்கு ஸ்டாட்டின் இன்னும் கூடுதலாகவே தேவைப்படும்.

இனி அந்தக் காணொளி. அதன் அடிப்படைச் செய்தி பொய்யன்று. குடல் நுண்ணுயிரிகளுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதைக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் உலகின் முதன்மையான ஆய்வுக்கூடங்கள் காட்டியிருக்கின்றன. அந்தத் தொடர்பிலிருந்து உடனே ஒரு சிகிச்சைக்குத் தாவியதுதான் தவறு.

நம் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பான்மை பெருங்குடலில் வாழ்கின்றன. நாம் செரிக்காமல் விடுவதை அவை உண்கின்றன. உண்டபின் அவை வெளியிடும் வேதிப்பொருள்கள் குடல் சுவர் வழியாக ரத்தத்தில் கலக்கின்றன. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கைச் சேர்ந்த ஸ்டான்லி ஹேசன் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்புமுனை. முட்டை மஞ்சள்கரு, ஈரல், இறைச்சி போன்றவற்றில் உள்ள கோலின் என்ற சத்தைச் சில குடல் பாக்டீரியாக்கள் சிதைத்து டிரைமெத்திலமைன் என்ற வாயுவாக்குகின்றன. அது கல்லீரலுக்குப் போய், அங்குள்ள ஒரு நொதியால் டி.எம்.ஏ.ஓ. என்ற பொருளாக மாறுகிறது. எலிகளுக்குக் கோலினை மிகுதியாகக் கொடுத்தபோது அவற்றின் ரத்தக்குழாய்களில் கொழுப்புத் திட்டுகள் பெருகின. ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களை அடக்கியபோது கோலினால் அந்தப் பெருக்கம் ஏற்படவில்லை. உணவு மட்டும் போதாது, அதை மாற்றும் பாக்டீரியாவும் வேண்டும் என்பது இதனால் தெரிந்தது.

2013-இல் இதே குழுவினர், இதய ஆஞ்சியோகிராம் செய்துகொள்ள வந்த 4,007 பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து, ரத்தத்தில் டி.எம்.ஏ.ஓ. மிக அதிகமாக இருந்த கால் பங்கினருக்கு, மிகக் குறைவாக இருந்த கால் பங்கினரைவிட மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவை சுமார் இரண்டரை மடங்கு நேர்ந்ததைக் காட்டினார்கள். அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, சிவப்பு இறைச்சியில் மிகுந்துள்ள கார்னிடினும் இதே வழியில் டி.எம்.ஏ.ஓ. ஆகிறது என்றது. நெடுங்காலமாக இறைச்சியையே தொடாதவர்களுக்குக் கார்னிடினைக் கொடுத்தபோது, அசைவம் உண்பவர்களைப்போல அவர்கள் ரத்தத்தில் டி.எம்.ஏ.ஓ. உயரவில்லை. பழக்கமான உணவு எந்தப் பாக்டீரியாவை வளர்த்து வைத்திருக்கிறதோ, அதற்கேற்பவே புதிதாக உண்ணும் உணவின் விளைவும் அமைகிறது. என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் மிகவும் நம்பிக்கையூட்டும் பகுதி 2019-இல் வந்த ஆய்வுதான். நலமாக இருந்த 113 பேருக்கு ஒரு மாதம் சிவப்பு இறைச்சியை முக்கியப் புரதமாகக் கொடுத்தபோது டி.எம்.ஏ.ஓ. ஏறத்தாழ மூன்று மடங்கானது. அதை நிறுத்திய நான்கு வாரங்களுக்குள் மீண்டும் இறங்கிவிட்டது.

இவ்வளவும் சொன்ன அந்தக் காணொளி, இதற்கு எதிராக எழுந்த கேள்விகளையும் சொல்லியிருக்க வேண்டும். மீனில் இயற்கையாகவே டி.எம்.ஏ.ஓ. இருக்கிறது, கடல் மீன் சாப்பிட்ட சில மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு தாறுமாறாக ஏறும். ஆனால் மீன் உண்பவர்களுக்கு இதய நோய் அதிகமாக வருவதில்லை. குறைவாக வருவதையே பல ஆய்வுகள் காட்டுகின்றன. அடுத்தது, டி.எம்.ஏ.ஓ.வை உடலிலிருந்து வெளியேற்றுபவை சிறுநீரகங்கள். சிறுநீரகம் சற்று தளர்ந்தாலே அது ரத்தத்தில் தேங்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு மாரடைப்பும் அதிகம். அப்படியானால் டி.எம்.ஏ.ஓ. நோயை உண்டாக்குகிறதா, ஏற்கெனவே இருக்கும் நோயைக் காட்டுகிறதா? மரபணு வேறுபாடுகளின் துணைகொண்டு இதைச் சோதித்த 2019-ஆம் ஆண்டு ஆய்வொன்று, டி.எம்.ஏ.ஓ. இதய நோயை உண்டாக்குவதற்குச் சான்று காணவில்லை; சர்க்கரை நோயும் சிறுநீரக நோயுமே டி.எம்.ஏ.ஓ.வை உயர்த்துகின்றன என்ற முடிவுக்கு வந்தது. மறுபுறம், ரத்தத் தட்டணுக்களை அது எளிதில் ஒட்டிக்கொள்ளத் தூண்டுகிறது என்பதற்கு ஆய்வகச் சான்று இருக்கிறது. இந்த வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் சர்க்கரை நோயுடன் வாழும் உங்கள் தந்தைக்கு டி.எம்.ஏ.ஓ. எவ்வளவு என்று அறிவதைவிட, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அவருக்கு எவ்வளவு, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று அறிவது நூறு மடங்கு பயனுள்ளது.

ஆராய்ச்சி டி.எம்.ஏ.ஓ.வோடு நின்றுவிடவில்லை. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்திலிருந்து சில குடல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் இமிடசோல் புரோப்பியோனேட் என்ற பொருள், கொழுப்பின் அளவை உயர்த்தாமலேயே எலிகளின் ரத்தக்குழாய்களில் திட்டுகளை உண்டாக்குகிறது என்று ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2025-இல் அறிவித்தார்கள். இதே பொருள் சர்க்கரை நோயுடன் தொடர்புடையது என்பது 2018-லேயே தெரியவந்தது. ரத்தக் கொதிப்பு உள்ள மனிதர்களின் குடல் நுண்ணுயிரிகளைக் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு மாற்றியபோது, அந்த எலிகளின் ரத்த அழுத்தமும் உயர்ந்ததை 2017-இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். இவையெல்லாம் வருங்காலத்தில் நல்ல மருந்துகளைத் தரலாம். இன்று உங்கள் தந்தையின் மருந்துச் சீட்டில் எழுத எதையும் தரவில்லை.

குடல் பாக்டீரியா இதய சிகிச்சையில் நேரடியாகக் குறுக்கிட்ட ஒரு பழைய நிகழ்வு உண்டு. நம் பகுதிக்கும் அதில் பங்கு இருப்பதால் சொல்கிறேன். டிஜாக்சின் என்பது இதயத் தளர்ச்சிக்கும் சீரற்ற துடிப்புக்கும் நெடுங்காலமாகக் கொடுக்கப்படும் மாத்திரை. சிலருக்கு அதை வழக்கமான அளவில் கொடுத்தும் போதிய பலன் கிடைக்கவில்லை. அவர்களுடைய குடலில் உள்ள ஒருவகைப் பாக்டீரியா மருந்தைச் செயலற்றதாக மாற்றிவிடுகிறது என்பதை நியூயார்க்கில் ஜான் லிண்டன்பாம் குழுவினர் 1981-இல் விளக்கினார்கள். அத்தகையவர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தபோது, அந்தப் பாக்டீரியா அடங்கி, டிஜாக்சினின் அளவு ரத்தத்தில் சிலருக்கு இரு மடங்கு வரை உயர்ந்தது. அந்த மருந்தைப் பொறுத்தவரை அது உயிருக்கே ஆபத்தான உயர்வு. பின்னர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வி.ஐ. மாத்தன் அவர்களும் லிண்டன்பாம் குழுவினரும் சேர்ந்து, நியூயார்க் மக்களையும் தென்னிந்திய மக்களையும் ஒப்பிட்டு 1989-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மருந்தைச் செயலிழக்கச் செய்யும் பண்பு தென்னிந்தியர்களிடம் குறைவாக இருந்தது. தென்னிந்தியர்களுக்குள்ளும் கிராமத்தில் வாழ்பவர்களைவிட நகரத்தில் வாழ்பவர்களிடம் அதிகமாக இருந்தது. வெளிநாட்டு ஆய்வில் கண்ட குடல் பாக்டீரியா முடிவுகளை நம் ஊர் மனிதருக்கு அப்படியே பொருத்தக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இது உங்கள் ஆன்டிபயாடிக் கேள்விக்கு நம்மை அழைத்து வருகிறது. கிருமியை ஒழித்து மாரடைப்பைத் தடுக்கலாம் என்ற எண்ணம் புதிதன்று. பெரிய அளவில் சோதித்துப் பார்த்துக் கைவிடப்பட்ட எண்ணம் அது. அப்போது குற்றவாளியாகக் கருதப்பட்டது நுரையீரலைத் தாக்கும் கிளமிடியா நிமோனியே என்ற பாக்டீரியா. ரத்தக்குழாய்த் திட்டுகளுக்குள் அதைக் கண்டிருந்தார்கள். இதய நோயாளிகள் 4,012 பேரில் ஒரு பாதியினருக்கு வாரம் ஒருமுறை அசித்ரோமைசின், மறுபாதியினருக்குப் போலி மாத்திரை என ஓராண்டு கொடுத்துப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2005-இல் வெளியானது. எந்தப் பயனும் இல்லை. டென்மார்க்கில் கிளாரித்ரோமைசின் என்ற மருந்தை இரண்டே வாரம் கொடுத்த ஆய்வில், அதைப் பெற்றவர்களிடையே பின்னாளில் இதய நோயால் இறந்தவர்களே அதிகம். அதன் தொடர்ச்சியாக 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இதய நோயாளிகளுக்கு இந்த மருந்தை எழுதுமுன் யோசிக்குமாறு எச்சரித்தது. மேலும், கிளாரித்ரோமைசின் சில ஸ்டாட்டின் மாத்திரைகளோடு சேரும்போது தசைகளைக் கடுமையாகப் பாதிக்கக்கூடும். ஆன்டிபயாடிக்குக்கு நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்ற பேதமும் தெரியாது. ஆகவே இந்த நோக்கத்துக்காக ஒரு மாத்திரைகூட வேண்டாம். சளி, காய்ச்சல் என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள். பேதி மருந்து கொடுத்துக் குடலைக் கழுவுவதும் அப்படியே. பேதியால் நீரும் உப்புச்சத்தும் இழந்த இதய நோயாளிக்குத் துடிப்பு தாறுமாறாகி ஆபத்து நேரலாம்.

மலப் பரிசோதனையைச் செய்ய வேண்டாம் என்பதே என் அறிவுரை. அந்தப் பரிசோதனை பொய்யான எண்களைத் தருவதில்லை. ஆனால் அந்த எண்களை வைத்து உங்கள் தந்தையின் சிகிச்சையில் எதை மாற்றுவது என்று எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அவருடைய நிலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. சர்க்கரை நோயாளிகள் பெரும்பாலோரைப்போல அவரும் மெட்ஃபார்மின் சாப்பிடுபவராக இருக்கக்கூடும். சர்க்கரை நோயின் அடையாளம் என்று முன்பு கருதப்பட்ட குடல் பாக்டீரியா மாற்றங்களில் பல, உண்மையில் மெட்ஃபார்மின் மாத்திரையால் வந்தவை என்று 2015-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 2020-இல் வந்த ஆய்வொன்றில், உடல் பருமன் உள்ளவர்களில் ஸ்டாட்டின் சாப்பிடுவோரிடம் அழற்சியோடு தொடர்புடைய ஒருவகைக் குடல் பாக்டீரியா அமைப்பு குறைவாகக் காணப்பட்டது. நோயின் தடத்தையும் மருந்தின் தடத்தையும் ஓர் ஒற்றை அறிக்கையில் பிரித்துப் பார்க்க வழியில்லை. அந்தப் பணத்துக்கு, ஸ்டாட்டினை மீண்டும் தொடங்கிய நான்கு முதல் பன்னிரண்டு வாரங்களில் கொழுப்புப் பரிசோதனை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கிரியாட்டினின், சிறுநீர் அல்புமின் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, மீதியில் வீட்டில் வைத்துப் பார்க்க ஒரு நல்ல ரத்த அழுத்தக் கருவியும் வாங்கிவிடலாம். மாரடைப்பு வந்தவருக்கு எல்.டி.எல். 55 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். பெரும்பாலும் மாத்திரையில்லாமல் அந்த எல்லையை எட்ட முடியாது. இந்தியா உள்பட 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை, புகை, கொழுப்பு, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, வயிற்றுப் பருமன் முதலான ஒன்பது காரணங்களே விளக்கிவிடுகின்றன என்று காட்டியது. குடல் பாக்டீரியா அந்தக் காரணங்களில் சிலவற்றின் பின்னால் நின்று வேலை செய்யலாம். அளந்து குறைக்கக்கூடியவை இந்த ஒன்பதுதான்.

புரோபயாடிக் கேப்ஸ்யூல் மாரடைப்பைத் தடுத்ததாக இதுவரை எந்த ஆய்வும் காட்டவில்லை. பெரும்பாலோருக்கு அது தீங்கும் செய்வதில்லை. ஆனால் வெளியிலிருந்து விழுங்கும் பாக்டீரியா பலருடைய குடலில் நிலைத்துத் தங்குவதில்லை. விதையை மட்டும் தூவிவிட்டு நீர் பாய்ச்சாத நிலம்போல், உள்ளே அவற்றுக்கு உணவு இல்லாதபோது என்ன பயன்? அந்த உணவு நார்ச்சத்து. நாம் செரிக்க முடியாத நாரைப் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் ஆகிய சிறு கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. பியூட்டிரேட் குடல் சுவரின் செல்களுக்கே எரிபொருள். சுவர் உறுதியாக இருந்தால் பாக்டீரியாவின் நச்சுத் துணுக்குகள் ரத்தத்துக்குள் கசிந்து அழற்சியைத் தூண்டுவது குறையும். நாரைப் பொறுத்தவரை மனிதர்களிடம் சான்று இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் வேண்டுகோளின்படி தொகுக்கப்பட்டு 2019-இல் வெளியான பகுப்பாய்வில், நார்ச்சத்தை நிறைய உண்பவர்களுக்கு, மிகக் குறைவாக உண்பவர்களைவிட இதய நோயும் மரணமும் 15 முதல் 30 விழுக்காடு வரை குறைவாக இருந்தன. நாளொன்றுக்கு 25 முதல் 29 கிராம் என்பது நல்ல அளவு என்றார்கள்.

நம் சமையலறையில் அது அரிசியிலிருந்து கிடைக்காது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையின்படி, தீட்டிய அரிசி நூறு கிராமில் நார்ச்சத்து மூன்று கிராமுக்கும் குறைவு. கேழ்வரகிலும் கம்பிலும் சுமார் 11 கிராம், முழுப் பாசிப்பயற்றில் 17, கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 25. ஆகவே தினமும் ஒரு கிண்ணம் சுண்டல், அரிசியின் அளவைப் பாதியாக்கி அந்த இடத்தில் இரண்டு பங்கு காய், கீரை, வாழைப்பூ, வாழைத்தண்டு, அவரை, கொத்தவரை என்று கொண்டுவாருங்கள். நாரைத் திடீரெனக் கூட்டினால் வயிறு உப்பும், வாயு சேரும். அதைக் காரணம் காட்டி அவர் அதையும் நிறுத்திவிடுவார். இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டி, பயற்றை நன்றாக ஊறவைத்து வேகவையுங்கள். சிறுநீரகப் பாதிப்பு இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தால், பயறும் கீரையும் எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அவற்றில் உள்ள பொட்டாசியத்தைத் தளர்ந்த சிறுநீரகம் வெளியேற்றத் திணறும் என்பது அங்கே ஒரு கவலை.

பழைய சோற்றை நான் குறை சொல்ல மாட்டேன். புளித்த நீரில் நல்ல பாக்டீரியாக்கள் இருக்கின்றன. சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதி செரிக்காத வகையாக மாறிப் பெருங்குடலுக்குப் போகிறது. எஞ்சிய பெரும்பகுதி சர்க்கரையாகவே ரத்தத்தில் சேரும். சர்க்கரை நோயாளியான அவருக்குக் காலை உணவே ஒரு பெரிய கும்பா பழைய சோறு என்பது பொருந்தாது. கம்மங்கூழையோ கேழ்வரகுக் கூழையோ புளிக்கவைத்து, மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்து, அளவாகக் குடிக்கட்டும். தொட்டுக்கொள்ளும் ஊறுகாயையும் மோர் மிளகாயையும்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி என்பதே எல்லை. உப்பு மிகுந்தால் ரத்த அழுத்தம் ஏறும் என்பது எல்லோரும் அறிந்தது. எலிகளில் அது குடலின் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாவையும் அழிப்பதை 2017-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். குடலுக்காகச் சாப்பிடுகிற பழைய சோற்றோடு ஊறுகாயைச் சேர்ப்பதில் பொருளே இல்லை.

முட்டையையும் மீனையும் முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. கோலினை மாத்திரையாகக் கொடுத்தபோது டி.எம்.ஏ.ஓ. வெகுவாக உயர்ந்தது, அதே அளவு கோலினுக்காக நாளுக்கு நான்கு முட்டை கொடுத்தபோது அவ்வாறு உயரவில்லை என்று 2021-இல் ஹேசன் குழுவினரே எழுதினார்கள். சர்க்கரை நோயும் மாரடைப்பும் உள்ளவர் மஞ்சள்கருவை வாரத்துக்கு மூன்று நான்கோடு நிறுத்திக்கொண்டு, வெள்ளைக்கருவைத் தாராளமாக உண்ணலாம் என்பது என் வழக்கமான ஆலோசனை. மத்தி, அயிலை, நெத்திலி போன்ற மீன்களை வாரம் இருமுறை குழம்பாக உண்ணட்டும். எண்ணெயில் பொரிப்பதும் கருவாடும் வேண்டாம். பாலை அளவாக எடுக்கலாம். அதைத் தயிராகவோ மோராகவோ மாற்றிக்கொள்வது நல்லது. ஆட்டுக்கறியையும் ஈரலையும் எப்போதாவது என்ற அளவுக்குக் குறைத்துவிடுங்கள். மேலே சொன்ன ஆய்வுகள் உண்மையில் கைகாட்டுவது அவற்றைத்தான். உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கப்படும் கார்னிடின் பொடிகளும் கோலின் மாத்திரைகளும் வீட்டில் யார் பெயரிலாவது இருந்தால், அவை இவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தந்தையிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, என்றாலும் சொல்கிறேன். அந்தக் காணொளியைப் பார்த்து அவர் ஏமாந்துவிட்டார் என்று வாதாட வேண்டாம். மாரடைப்பு வந்த ஒருவர், தன் உடலைத் தன் கையாலேயே சரிசெய்துகொள்ளும் வழி ஒன்று கிடைத்தால் பற்றிக்கொள்வது இயல்பு. குடலைப் பற்றி அவர் காட்டும் அக்கறை நல்லது, அதற்கான உணவை இன்றே தொடங்கலாம், மாத்திரையும் கூடவே இருக்கட்டும் என்று சொல்லுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தடுப்பதில்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நீங்களும் கூடப் போய், கால் வலி எப்போது, எந்த இடத்தில், எவ்வளவு தூரம் நடந்தால் வருகிறது என்று எழுதிக்கொண்டு போங்கள். புரோபயாடிக் பாட்டிலையும் அவர் உண்ணும் எல்லா நாட்டு மருந்துகளையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

மாத்திரையை அவர் மீண்டும் தொடங்கும் வரையிலும், அதற்குப் பின்னும், ஒன்றில் மிகவும் விழிப்பாக இருங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு பெரிய நெஞ்சு வலியோடு வர வேண்டும் என்பதில்லை. மேல் வயிற்றில் எரிச்சல், ஏப்பம், தாடையிலோ இடது தோளிலோ ஒரு பாரம், காரணமில்லாத வியர்வை, மூச்சு வாங்கல், திடீர்க் களைப்பு என்று வரலாம். குடலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் அதை வாயு என்றே எடுத்துக்கொள்வார். அத்தகைய தொல்லை ஐந்து பத்து நிமிடங்களுக்குள் அடங்காவிட்டால், சோடாவோ ஓமத் தண்ணீரோ கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழைத்து, ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அங்கே போனதும் அவருக்கு ஏற்கெனவே இரண்டு ஸ்டென்ட் இருப்பதையும், எந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்தியிருந்தார் என்பதையும் முதலில் சொல்லிவிடுங்கள்.